சுமத்தலும் ஏற்றலும்

'சார்ஜ்' என்னும் ஆங்கிலச் சொல் நீதிமன்றத்திலும் மின்னியலிலும் ஒருங்கே வழங்குகிறது. வண்டியில் பாரம் ஏற்றுதல் என்பதே அதன் ஆதிப்பொருள். தமிழும் அப்பொருளைக் கைவிடவில்லை. குற்றத்தைச் சுமத்துகிறோம், மின்னை ஏற்றுகிறோம்.

காவல்துறை தாக்கல் செய்யும் குற்றப்பத்திரிகை புலனாய்வின் முடிவு மட்டுமே. முகாந்திரம் உண்டெனக் கண்டால் நீதிபதி குற்றச்சாட்டை வனைகிறார். இல்லையெனில் சாட்சி விசாரணைக்கு முன்பே விடுவிக்கிறார். தான் எதற்கு மறுமொழி கூறவேண்டும் என்பதைக் குற்றம் சாட்டப்பட்டவர் அறிவதற்கே குற்றச்சாட்டு வனையப்படுகிறது. (அவரை நம் நீதிமன்றத் தமிழ் 'எதிரி' என்றே அழைப்பது ஒரு துர்ப்பாக்கியம்.) நியாய சாஸ்திரத்தின் மொழியில் இது பிரதிஜ்ஞை மட்டுமே. ஹேது, உதாரணம், உபநயம் ஆகியவற்றைக் கடந்த பின்னரே நிகமனம். கேட்போர் உள்ளமோ முதற்படியிலேயே நிகமனத்தைக் கேட்டுவிடுகிறது.

மின்னேற்றம் பெற்ற கண்ணாடிக் கோலைத் தங்க இலை மின்காட்டியின் அருகே கொணர்ந்தால், கோல் தொடாமலேயே இலைகள் விரிகின்றன. குற்றம் சாட்டப்பட்டவரின் தாய்க்கும் உடன்பிறந்தோருக்கும் நேர்வது இதுவே. கோலை அகற்றினால் இலைகள் பழையபடி ஒடுங்கும். மனித சமூகமோ மின்தேக்கியை ஒத்தது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதனுள் ஏற்றம் தங்கியிருக்கும். பழுதுபார்ப்போர் அதை வடித்த பின்னரே கை வைப்பர்.

ஹைதராபாதில் சார்மினாரை அடுத்த மெக்கா மசூதியில் 2007 மே 18 அன்று குண்டு வெடித்தது. அதன்பின் அந்நகரத்து இளைஞர் பலர் கைதாகிச் சதி வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டனர்; பின்னர் நீதிமன்றத்தால் விடுதலை பெற்றனர். சில ஆண்டுகள் கழித்து ஆந்திரப் பிரதேச அரசு அத்தகையோருக்கு இழப்பீட்டுடன் நன்னடத்தைச் சான்றிதழும் வழங்கியது. விடுதலை பெற்றதாலேயே ஒருவர் இழப்பீட்டுக்கு உரியவராகிவிடார் என்று கருதி, இழப்பீட்டு ஆணையை உயர் நீதிமன்றம் 2013-இல் ரத்து செய்தது. சட்ட நோக்கில் அதற்கு நியாயம் இருக்கலாம். நம் சிந்தனைக்கு உரியது அச்சான்றிதழே. குற்றமற்றவர் என்பதற்குத் தீர்ப்பு போதாதா? தீர்ப்பு சட்டத்தின் ஏற்றத்தை வடித்தது. அயலார் மனத்தில் தேங்கியதை வடிக்க அரசு இரண்டாவதாக ஒரு கம்பியைத் தேட நேர்ந்தது.

வேலை வேண்டிச் செல்லுமிடத்தில் ஒருவர் அச்சான்றிதழை நீட்டுகிறார் எனக் கொள்வோம். அவர்மீது ஒரு வழக்கு இருந்தது என்பதையே அதுவரை அறியாத அதிகாரி, அதைப் படித்தே அறிந்துகொள்வார்.