நமத்துப்போன கடலைமிட்டாய்

ஓட்டப்பிடாரத்துக்குப் போயிருக்கிறீர்களா? வ.உ.சி. பிறந்த ஊர். அவருடைய வீடு இப்போது நினைவு இல்லமாக இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். கரிசக்காட்டு வெயில். நல்ல பசி. பக்கத்துத் தெருவில் ஒரு பெட்டிக்கடை கண்ணில் பட்டது.

கடையில் பெரியவர்கள் யாருமில்லை. எட்டு வயசுப் பெண் குழந்தை ஒன்று ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது. கால் தரைக்கு எட்டவில்லை.

“பாப்பா, கடலைமிட்டாய் ரெண்டு குடும்மா.”

பாட்டில் மூடியைத் திறக்கப் போன கை அப்படியே நின்றது. “வேண்டாம் மாமா. அது நமத்துப் போச்சு. காலையில நான் தின்னு பார்த்தேன், நல்லாவே இல்ல. நாளைக்குப் புதுசு வரும்.”

“சரி, வேற என்ன இருக்கு?”

“முறுக்கு இருக்கு மாமா. நேத்துதான் வந்துச்சு. மொறுமொறுன்னு இருக்கும். உங்க வீட்ல பாப்பா இருக்கா?”

“இருக்கா.”

“அப்ப அவளுக்கும் வாங்கிட்டுப் போங்க.”

ரெண்டு கடலைமிட்டாய் வாங்க வந்தவன் ஆறு முறுக்கு வாங்கிக்கொண்டு நின்றேன்!

அதற்குள் சாப்பிடப் போயிருந்த அப்பா, கையைத் துடைத்துக்கொண்டே வந்துவிட்டார். கடைசிப் பேச்சு காதில் விழுந்திருக்கும் போல. “ஏட்டி, நமத்துப் போச்சுன்னு உன்னை யாரு சொல்லச் சொன்னா?” என்று அதட்டினார். “நமத்துதானப்பா போச்சு?” என்றது குழந்தை. அவரிடம் பதில் இல்லை. என் பக்கம் திரும்பி, “சின்னப் புள்ளை சார். வியாபாரம் தெரியாது” என்றார்.

நிஜமாகவே தெரியாதா?

யோசித்துப் பாருங்கள். விற்பனைப் பயிற்சி வகுப்பில் காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிற அத்தனையையும் அந்தக் குழந்தை ரெண்டு நிமிஷத்தில் செய்துவிட்டது. தான் தின்று பார்த்த சரக்கைப் பற்றிப் பேசியது. என்னைப் பற்றி ஒரு கேள்வி கேட்டது. ‘வாங்கிக்கோங்க’ என்று கூச்சமே இல்லாமல் கேட்டது. நம்மில் எத்தனை பேருக்கு அந்தக் கடைசி வார்த்தை வாயில் வருகிறது? சரக்கைக் காட்டுவோம், விலையைச் சொல்வோம், அப்புறம் வாடிக்கையாளர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்போம். ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

குழந்தைக்கு அந்தப் பயம் கிடையாது. அப்பா ‘முடியாது’ என்றால் அம்மாவிடம் போகும். அம்மா மறுத்தால் தாத்தாவிடம் போகும். ‘வேண்டாம்’ என்பதை அது அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. நாளைக்குக் காலையில் புதுசாக வந்து மறுபடியும் கேட்கும்.

இந்த விடாமுயற்சியை மட்டும் நாம் காப்பியடித்தால் போதுமா? அங்கேதான் சிக்கல். அதே குழந்தை கடைத்தெருவில் தரையில் புரண்டு அழுதும் காரியம் சாதிக்கும். அப்போது நாம் வாங்கித் தருவது மானத்துக்குப் பயந்து. சில விற்பனையாளர்கள் கற்றுக்கொண்டிருப்பது இந்தப் புரளுதலைத்தான்! பத்து தடவை போன் பண்ணி, வாங்கினால்தான் விடுவேன் என்கிறார்கள். அது விற்பனை இல்லை, பிடுங்கல்.

முறுக்குக்கும் பிடுங்கலுக்கும் நடுவில் இருக்கிற கோடு எது? நமத்துப்போன அந்தக் கடலைமிட்டாய்தான். எனக்குத் தெரிந்தது, வாங்குகிறவருக்குத் தெரியாது. நான் சொல்ல வேண்டுமா, வேண்டாமா?

அந்த அப்பாவை உடனே கெட்டவர் என்று சொல்லிவிடாதீர்கள். பெட்டிக்கடையில் ஒரு மிட்டாய்க்குச் சில காசுகள்தான் லாபம். ஒரு பாட்டில் வீணானால் ஒரு நாள் உழைப்பே போய்விடும். “உண்மை பேசினா கடை ஓடுமா சார்?” என்று அவர் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

பதிலைத் தேடித் தூரமாகப் போக வேண்டியதில்லை. பக்கத்தில் தூத்துக்குடிக் கடல் இருக்கிறது. 1961 வரை அங்கே முத்துக்குளிப்பு நடந்தது. மூழ்கி எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளிப்பவர்களுக்கு. மிச்சம் அரசாங்கத்துக்கு. அந்தச் சிப்பிகளை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள், திறக்காமலேயே! உள்ளே முத்து இருக்கலாம், வெறும் சதையும் இருக்கலாம். வாங்கியவர் ஒரே நாளில் பணக்காரராகலாம், போட்ட பணத்தையும் இழக்கலாம்.

இது ஏமாற்று வேலையா? இல்லை. ஏனென்றால் விற்பவருக்கும் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. ரெண்டு பேருக்கும் ஒரே இருட்டு. ஆனால், விற்பவர் ராத்திரியோடு ராத்திரியாகச் சிப்பியைத் திறந்து பார்த்து, முத்தை எடுத்துக்கொண்டு, மறுபடியும் மூடி வைத்து ஏலம் விட்டால்? சிப்பி அதேதான், ஏலமும் அதேதான். ஆனாலும் அது திருட்டாகிவிடுகிறது. தனக்குத் தெரிந்ததை மறைக்கிற அந்த இடத்தில்தான் வியாபாரம் கெட்டுப்போகிறது.

கேட்பதற்குக் கூச்சப்படாத இன்னொருவர் அந்த நினைவு இல்லத்துக்காரர். 1906-இல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் பத்து லட்ச ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். வெள்ளைக்காரன் கப்பலோடு போட்டி போடப் போகிறோம் என்பதை ஒளிக்காமல் சொல்லித்தான் பங்கு கேட்டார். 1907-இல் ‘காலியா’, ‘லாவோ’ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. கடைசியில், இலவசமாகவே ஏறிக்கொள்ளுங்கள், குடையும் தருகிறோம் என்றது.

அந்த இலவசக் குடையை இன்றைக்கும் பார்க்கிறோம், இல்லையா? செல்போனைத் திறந்தால் தள்ளுபடி. டவுனில் பெரிய கடையில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். பெட்டிக்கடை அண்ணாச்சி அந்த விலைக்கு எங்கே போவார்?

வ.உ.சி. 1908-இல் சிறைக்குப் போனார். கம்பெனி 1911-இல் கலைக்கப்பட்டது. ஆகவே, ‘நேர்மையாக இருந்தால் கட்டாயம் ஜெயிக்கலாம்’ என்று நான் எழுதினால், அது நமத்துப்போன மிட்டாயை உங்கள் தலையில் கட்டுவதுதான். நேர்மைக்கு லாப உத்தரவாதம் கிடையாது.

அப்புறம் எதற்கு நேர்மை? அதே வ.உ.சி., சிறையிலிருந்து வந்த பிறகு, 1917-இல் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையோடு பதிப்பித்தார். அதில் ‘நடுவு நிலைமை’ என்ற அதிகாரத்தின் கடைசிக் குறள் வியாபாரிகளுக்கானது. பிறர் பொருளையும் தன் பொருளைப் போலவே பேணிச் செய்வதுதான் வாணிகம் என்கிறார் வள்ளுவர். கவனியுங்கள், அதை அவர் பொருட்பாலில் வைக்கவில்லை, அறத்துப்பாலில் வைத்தார். என் பையில் இருக்கிற காசையும் தன் காசு மாதிரி நினைத்ததால்தான் அந்தக் குழந்தையின் கை பாட்டில் மூடியில் நின்றது.

இதையெல்லாம் அந்த அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. ஒன்றே ஒன்று சொன்னேன். “அண்ணாச்சி, அந்தப் பாட்டில் மேல ‘நமத்தது, பாதி விலை’ன்னு எழுதி வைங்களேன். பாதிக் காசாவது வரும். பொய்யும் சொல்ல வேண்டாம்.”

அவர் சிரித்தார். “எழுதினா ஊரே சிரிக்கும் சார்.”

“நான் எழுதுறேன்ப்பா” என்றது குழந்தை. நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழிக்க ஆரம்பித்துவிட்டது. அவர் தடுக்கவில்லை.

ஒட்டினார்களா, மறுநாள் கிழித்துவிட்டார்களா, எனக்குத் தெரியாது. பஸ் வந்துவிட்டது. முறுக்கு மட்டும் அவள் சொன்ன மாதிரியே மொறுமொறுவென்று இருந்தது. அடுத்த தடவை ஓட்டப்பிடாரம் போனால் அந்தக் கடைக்குத்தான் போவேன்.

சரி, இன்றைக்குக் கடையைச் சாத்துவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் ஒதுக்குங்கள். உங்கள் கடையில் நமத்துப்போன பாட்டில் எது என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டுக் குழந்தை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தால், அதைப் பற்றி வாடிக்கையாளரிடம் என்ன சொல்லும்?