கத்தி படாத ஹலால்

கோழிக் கடையில் நாம் கேட்கும் கேள்விகளை மீன் கடையில் கேட்பதில்லை. கோழியென்றால் யார் அறுத்தது, பிஸ்மி சொன்னாரா, கையால் அறுத்ததா இயந்திரமா என்று அடுக்கடுக்காய் விசாரிக்கிறோம். 2013 ஆம் ஆண்டு ஹலால் இலச்சினை நாடளாவிய சர்ச்சையாகி, அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அதை உள்ளூர்ப் பொருட்களிலிருந்து விலக்கிக்கொண்ட நாட்களில் கண்டிப் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் இதைத் தவிர வேறு பேச்சு இருக்கவில்லை. அந்தப் பேச்சுக்களில் ஒருமுறையேனும் மீன் வந்ததாக எனக்கு நினைவில்லை. வருவதற்குக் காரணமும் இல்லை. மீனுக்குக் கத்தியும் இல்லை, கிப்லாவும் இல்லை. கடல் தந்தது ஹலால். அத்துடன் விஷயம் முடிந்தது.

முடிந்ததா என்பதுதான் என் கேள்வி.

கடலில் செத்ததும் ஆகும் என்ற சட்டம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், ஒரு மனிதர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து நிற்கிறார். நாங்கள் கடலில் போகிறவர்கள், கொஞ்சத் தண்ணீர்தான் எடுத்துச் செல்கிறோம், அதில் வுழூச் செய்தால் தாகத்தில் தவிப்போம் என்கிறார். அவர் கேட்டது தண்ணீரைப் பற்றி மட்டும். கிடைத்த விடையோ இரண்டு: கடல் நீர் தூய்மையானது, அதில் இறந்ததும் ஆகுமானது. கேளாத கேள்விக்கும் சேர்த்து விடை தந்தமைக்குக் காரணம், தண்ணீருக்கே வழியற்றவன் சாப்பாட்டுக்கும் அல்லாடுவான் என்ற பரிவுதான் என்று எனக்குத் தோன்றும். அபூ உபைதா (ரழி) அவர்களின் தலைமையில் கடற்கரைக்குச் சென்ற முந்நூறு பேரின் கதையும் இப்படித்தான். நாளைக்கு ஒரு பேரீச்சம்பழம் என்றாகி, அதுவும் தீர்ந்து, இலைகளைத் தின்றுகொண்டிருந்தவர்களுக்குக் கரையொதுங்கிய பெருமீன் ஒன்று கிடைத்தது. மதீனா திரும்பியதும் நபியவர்களும் அதில் கொஞ்சம் கேட்டு வாங்கி உண்டார்கள். ஆகவே இது நிர்ப்பந்தத்துக்கு மட்டுமான சலுகையல்ல, எல்லோருக்கும் பொதுவானது. மிதக்கும் மீனைப் பற்றி ஹனஃபி மத்ஹபுக்கு வேறு கருத்துண்டு. ஷாஃபிஈக்களாகிய நமக்கு அந்தத் தயக்கமும் இல்லை.

ஆனாலும் அந்தக் கதவு திறந்தது யாருடைய தட்டலுக்கு? தோணியில் போனவனுடைய தாகத்துக்கு, பசித்துக் கிடந்தவனுடைய வயிற்றுக்கு. கடலிலிருந்து வெகு தூரத்தில், மலையில் உட்கார்ந்திருக்கும் நாம் அந்தச் சலுகையை எடுத்துக்கொண்டோம். தோணிக்காரனை மறந்துவிட்டோம்.

மறப்பதும் நமக்கு எளிது. கண்டியில் மீனுக்குச் சொந்தப் பெயர்கூட நம்மிடம் இல்லை. சாளையைச் சாலயா என்போம், சூரையைப் பலயா என்போம். சிங்கள அயலவரிடமிருந்து கடன் வாங்கிய பெயர்கள். திருகோணமலை மீன் லொறி ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை தாண்டி ஏ-9 வீதியால் அக்குறணைக்குள் நுழையும்போது கடலின் மிச்சம் ஐஸ் தண்ணீர் மட்டும்தான். டின் மீன் இன்னும் விசேஷம். கும்பளா இனத்து மீனை அடைத்து வைத்துவிட்டு, நாடே அதைச் 'சமன்' என்கிறது. சமன் என்பது வட பசிபிக்கிலும் அத்திலாந்திக்கிலும் திரியும் சால்மன் மீனின் பெயர். அந்த மீனைக் கண்ணால் காணாமலே அதன் பெயரில் தலைமுறை தலைமுறையாகக் கறி வைத்திருக்கிறோம்.

உண்மையான சால்மனைப் பிடித்தவர்கள் இவ்வளவு அலட்சியமாக இருக்கவில்லை. அலாஸ்காவிலிருந்து வான்கூவர் தீவு வரையிலும் அதற்குத் தெற்கிலும் வாழ்ந்த கரையோரப் பழங்குடிகளில் பலர், பருவத்தின் முதல் சால்மனைச் சடங்கோடு வரவேற்று, தின்றபின் எலும்புகளைத் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். ஹலிபட் என்ற பெரிய தட்டை மீனுக்கு அவர்கள் மரத்தால் செய்த தூண்டில் ஒரு நுட்பமான பொருள். மிகச் சிறிய மீனின் வாய்க்கு அது அடங்காது, மிகப் பெரியதும் அதில் மாட்டாது, நடுத்தரமானதே ஏறும். குஞ்சும் தாய் மீனும் தப்பிவிடும். அதே ஹலிபட்டைக் காப்பாற்ற 1923 இல் அமெரிக்காவும் கனடாவும் உடன்படிக்கை செய்து ஓர் ஆணைக்குழுவையே அமைக்க வேண்டியதாயிற்று. (நமது கடலிலும் அந்தத் தோற்றத்தில் ஒரு மீன் உண்டு. எருமை நாக்கு என்பார்கள். 1801 இல் அதற்கு வைத்த விஞ்ஞானப் பெயரில் 'எருமெய்' என்று நமது தமிழ்ச் சொல்லே ஒட்டிக்கொண்டிருக்கிறது.) அந்த மக்களின் நம்பிக்கை நமது நம்பிக்கையல்ல. எலும்பைத் திருப்பிக் கொடுத்தால் மீன் மீண்டும் வரும் என்று நாம் நம்ப முடியாது. ஆனால் எப்படிப் பிடித்தோம் என்பதும் உணவின் ஒரு பகுதி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் ஊருக்கு மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் கொண்டுவரும் நானா ஒருவர் இருக்கிறார். ஒருநாள் சாலயா மிக மலிவாக வந்திருந்தது. இதை எப்படிப் பிடித்தார்கள் என்று கேட்டேன். பெட்டியைச் சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"சேர், இது கோழியா, ஆரு அறுத்த எண்டு கேக்க?"

பிறகு என்ன நினைத்தாரோ, ஒரு மீனை எடுத்து முதுகுப் பக்கம் கீறிக் காட்டினார். நடு முள் முறிந்திருந்தது. முள்ளோடு இரத்தம் உறைந்து கறுத்திருந்தது. "வெடி" என்றார் மெல்ல. ஏன் எடுத்தீர்கள் என்றேன். "நான் எடுக்காட்டி மத்தவன் எடுப்பான். சனம் கேக்கிறது வெலயத்தான், சேர்."

டைனமைட் வைத்து மீன் பிடிப்பது 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டப்படி குற்றம். சட்டம் இருந்தும் நடக்கிறது. வெடித்த இடத்தில் பெரிய மீனும் சாகும், குஞ்சும் சாகும், முருகைக் கல்லும் நொறுங்கும். செத்ததில் ஒரு பங்கு அடியில் தாழ்ந்து யாருக்கும் உதவாமல் போகும். எறிகிறவனின் கைகூட சில நேரம் போய்விடும். அந்த மீனைத் தின்பது ஹராம் என்று நான் சொல்ல வரவில்லை. ஃபத்வாக் கொடுப்பது உலமாக்களின் வேலை, என் வேலையல்ல. மீன் ஆகுமானதாகவே இருக்கலாம். மீன் ஆகும் என்பதனால் பிடித்த முறையும் ஆகும் என்றாகிவிடுமா?

குர்ஆனில் மீன்பிடி பற்றி ஒரு கதை உண்டு. சூரா அல்-அஃராஃபில் வரும் கடலோர ஊர் மக்களின் கதை. சனிக்கிழமை தொழில் செய்யக் கூடாது என்பது அவர்களுக்கு இட்ட கட்டளை. சோதனையாகச் சனிக்கிழமையில்தான் மீன் கூட்டம் கூட்டமாய் வரும். வெள்ளியன்றே வலையை விரித்துவிட்டு ஞாயிறன்று எடுத்தார்கள் என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். சனியன்று அவர்கள் கையை அசைக்கவில்லை. பிடித்த மீனும் ஹலாலான மீன்தான். அப்படியிருந்தும் தண்டனை இறங்கியது. அங்கே தீர்ப்பு மீனுக்கல்ல, பிடித்த முறைக்கு.

எட்டாம் வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்தபோது ஒரு பிள்ளை எழுந்து கேட்டது: "சேர், அந்த மீன வாங்கித் திண்டவங்களுக்கு என்ன நடந்திச்சு?"

ஆயத்தில் வாங்கியவர்களைப் பற்றி ஒன்றுமில்லை. ஆனால் மூன்றாவது கூட்டம் ஒன்று இருக்கிறது. குற்றம் செய்யவும் இல்லை, தடுக்கவும் இல்லை. தடுத்தவர்களைப் பார்த்து, அழியப்போகிறவர்களுக்கு உபதேசம் எதற்கு என்று கேட்டவர்கள். தடுத்தவர்கள் தப்பினார்கள், செய்தவர்கள் பிடிபட்டார்கள் என்று வசனம் சொல்கிறது. இந்த மூன்றாம் கூட்டத்தாரின் முடிவைச் சொல்லவில்லை. அவர்கள் கதி என்னவாகியிருக்கும் என்று இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் கலங்கியதாகவும், அவர்களும் தப்பியிருப்பார்கள் என்று மாணவர் இக்ரிமா எடுத்துக்காட்டி ஆறுதல் சொன்னதாகவும் தஃப்சீர்களில் ஓர் அறிவிப்பு வருகிறது. இக்ரிமாவின் வாதம் எனக்கும் பிடிக்கும். மனதில் அவர்கள் அத்தவறை வெறுத்தார்களே என்பது அவர் கட்சி. ஆனால் வெறுத்துக்கொண்டே அந்த மீனை மலிவாக வாங்கியிருந்தால் அந்த வாதம் நிற்குமா? பிள்ளையின் கேள்வி அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது.

இதற்கு ஒரு பலமான மறுப்பு உண்டு. வெடி எறிபவனும் ஏழைதானே, வயிற்றுக்குத்தானே எறிகிறான், அவனுக்கு எதிராக மலையிலிருந்து நீர் ஏன் பேசுகிறீர் என்பது. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில்தான் நான் கடல்தொழிலைக் கிட்ட நின்று பார்த்தேன். போர்க்காலம். கடலுக்குப் போக நேரக் கட்டுப்பாடு, இயந்திரத்தின் வலுவுக்கும் கட்டுப்பாடு. என்னோடு தங்கியிருந்த நண்பனின் வாப்பாவுக்குச் சொந்தத் தோணி இருந்தது. தோணி இருக்கிறதே, வசதியான வீடுதானே என்று நான் சொல்ல, அவன் சிரித்தான். தோணி வாப்பாவுடையது, வலை கடனுடையது, மீன் முற்பணம் கொடுத்த முதலாளியுடையது என்றான்.

வெள்ளிக்கிழமைதோறும் ஓதும் சூரா அல்-கஹ்ஃபில் இதற்கு ஆதாரமே இருக்கிறது. ஹிழ்ர் (அலை) அவர்கள் துளையிட்ட மரக்கலம் கடலில் உழைத்த மிஸ்கீன்களுடையது. கலம் வைத்திருந்தும் அவர்கள் மிஸ்கீன்கள். ஃபகீர், மிஸ்கீன் இருவரில் யார் அதிகம் வறியவர் என்ற விவாதத்தில், ஏதோ கொஞ்சம் உள்ளவனையும் மிஸ்கீன் என்று அழைக்கலாம் என்பதற்கு நமது ஷாஃபிஈ அறிஞர்கள் காட்டும் சான்று இந்த வசனம்தான். ஸகாத் பாடத்தில் இதை ஓதுகிறோம். இன்றைய சிறு படகுக்காரனின் நிலை இதைவிடத் துல்லியமாக எங்கும் எழுதப்படவில்லை. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவானது. நமக்கு அது அடுப்புக்கும் விளக்குக்குமான செலவு. அவனுக்கு அது படகின் இயந்திரம். நல்ல கலங்களையெல்லாம் பறித்த அரசன் ஒருவன் அந்தக் கதையில் வருகிறான். இப்போது பறிக்க அரசன் வேண்டியதில்லை, விலைப் பட்டியல் போதும்.

ஆகவே ஏழை என்பதனால் வெடி எறியலாம் என்ற மறுப்பை நான் ஏற்கவில்லை. ஏனெனில் வெடியால் முதலில் பட்டினியாவதும் அவன் பக்கத்து வீட்டு மிஸ்கீன்தான். தூண்டிலோடும் சிறு வலையோடும் போகிறவன் வெறும் பெட்டியோடு திரும்புகிறான். வெடி மீன் மலிவாக நம் வாசலுக்கு வருகிறதென்றால், குறைந்த அந்தப் பணத்தைக் கொடுத்தவன் அவன்.

வேறு விதமாகவும் பிடிக்க முடியும் என்பதற்கு நமது சம்பலில் போடும் மாசியே சாட்சி. மாலைதீவுக்காரர் சூரையை வலை போட்டு அள்ளுவதில்லை. தோணியின் பின்புறம் வரிசையாக நின்று, கம்பும் தூண்டிலுமாக ஒவ்வொன்றாய்த் தூக்கிப் போடுகிறார்கள். அங்கே சூரைக்கு வலை தடை. பல நூற்றாண்டுகளாக அந்த முஸ்லிம்கள் அப்படிப் பிடித்து அவித்துக் காயவைத்ததை நம் பாட்டன்மார் தொடக்கம் இடித்துச் சாப்பிட்டு வருகிறோம்.

வெடி மீனுக்கும் வலை மீனுக்கும் இடையில் இருக்கும் விலை வித்தியாசத்தை மாதச் சம்பளக்காரனாகிய நான் தாங்கிக்கொள்ளலாம். கூலிக்குப் போய் அரைக் கிலோ சாலயா வாங்கும் பெண்ணிடம் போய் நீ விசாரித்து வாங்கு என்று சொல்லும் தகுதி எனக்கில்லை, சொல்லவும் மாட்டேன். கேள்வியைப் பெரிதாக வாங்குகிறவர்களிடமிருந்து தொடங்கலாம். கல்யாண வீடுகள், ஹோட்டல்கள், மத்ரஸாச் சமையலறைகள். அங்கெல்லாம் மாட்டிறைச்சிக்கு நம்பிக்கையான ஆளை அனுப்பி, அறுப்பவர் யாரென்று பார்த்துத்தான் எடுக்கிறார்கள். மீனுக்கும் அதே ஆளை அனுப்பலாம். நாலு மீனின் முதுகைக் கீறிப் பார்க்க ஐந்து நிமிடம்கூடச் செல்லாது.