அறிவுக்கு என்ன ஈடு?

விபத்தில் கால் இழந்தவருக்கு நட்டஈடு கணிப்பது ஓரளவு எளிது. தலையில் அடிபட்டு மூளை பழுதுற்றவர் காரியம் அப்படியன்று. காயம் ஆறிவிடுகிறது, நடக்கிறார், உண்கிறார், ஸலாமுக்குப் பதில் சொல்கிறார். ஆனால் காலையில் கேட்டது மாலையில் நினைவில்லை. சாந்தமாயிருந்தவர் பிள்ளைகள்மீது பாத்திரத்தை வீசுகிறார். இவர் இழந்தது எது?

நம் நாட்டு மோட்டார் விபத்துத் தீர்ப்பாயங்கள் வருமானத்திலிருந்து தொடங்குகின்றன. ஆண்டு வருமானத்தில் எவ்வளவு ஈட்டும் திறன் போயிற்று என்று கண்டு, வயதுக்குரிய எண்ணால் பெருக்குகின்றன. 2009இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணைப்படி 25 வயதுக்காரருக்கு 18. 65ஐக் கடந்தவருக்கு 5. மருத்துவச் செலவும் வேதனைக்குரியதும் தனியே சேரும். குடும்பம் இழந்த சம்பளத்தைத் தரவேண்டியதே. அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் வணிகரின் அறிவு விலையுயர்ந்தும் மூட்டை சுமப்பவரின் அறிவு மலிந்தும் போவதை நம் மனம் ஏற்கவில்லை.

ஃபிக்ஹு நூலார் 'அக்ல்' முற்றும் போனால் முழு தியத் என்றனர். அதாவது உயிருக்குரிய அதே நூறு ஒட்டகங்கள். சம்பாத்தியம் எவ்வளவு என்று அவர்கள் கேட்கவில்லை. தலையில் கல்லடி பட்டுக் கேள்விப்புலன், அறிவு உட்பட நான்கு ஆற்றல்களை இழந்த ஒருவருக்கு, அவர் உயிருடன் இருக்கையிலேயே, உமர் (ரலி) அவர்கள் நான்கு தியத் விதித்ததாக அறிவிப்பு உண்டு.

இழப்பை எப்படி அறிவது? தனித்திருக்கும் வேளைகளில் சொல்லும் செயலும் ஒழுங்குபடாவிடில் சத்தியமின்றியே ஈடு உண்டு என்கிறது இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்'. நடிப்பவன் சபையில் நடிப்பான், தனிமையில் நடிக்கமாட்டான் என்பது அதன் கருத்து. இன்று இதன் மறுபக்கத்தையும் காண்கிறோம்: மருத்துவக் குழுவின் முன் பத்து நிமிடம் ஒழுங்காகப் பேசிவிடுகிறார் நோயாளி. அவருடைய தனிமையை அறிந்தவர் மனைவியல்லவா? அவர் சாட்சியமே முதலில் கேட்கப்பட வேண்டியது.

ஆயினும் பராமரிப்போரின் உழைப்புக்குத் தியத்தில் தனிக் கணக்கில்லை. அதைக் கணக்கிட்டது 2020இல் உச்ச நீதிமன்றம். 2007இல் ஹரியானாவில் 12 வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தலையில் அடிபட்டு, அறிவு ஒன்பது மாதக் குழந்தையின் அளவில் நின்றுவிட்டது. நாள் முழுதும் பார்த்துக்கொள்ள இருவர், ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய், பெருக்கெண் 18 எனக் கொண்டு இதற்கு மட்டும் 21,60,000 ரூபாய் அளித்தனர், மொத்தம் 62,27,000.

நம் வீடுகளில் அவ்விருவர் வேலையையும் பெரும்பாலும் தாய் ஒருத்தியே செய்கிறாள். கூலி வாங்காதவள் என்பதால் மனு எழுதும்போது அவளைப்பற்றி வக்கீலிடம் சொல்வாரில்லை.