புள்ளியும் ஒரு சாட்சியமே

முன்னோரை அறிய வேண்டும் என்னும் ஆவல் நம்மவரிடையே வளர்ந்து வருவது மகிழ்ச்சிக்குரியது. பாட்டனார் எந்த ஆண்டில் கப்பலேறினார், எந்தச் சந்தில் குடியிருந்தார், யாருடன் சேர்ந்து சமைத்துண்டார் என்று பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். விடை சொல்ல வேண்டிய பெரியவர்களோ ஒருவர்பின் ஒருவராக விடைபெற்று வருகிறார்கள். ஆகவே, எஞ்சியிருக்கும் கடிதங்களையும் பழைய நிலப்படங்களையும் துணைகொண்டு நமது குடும்ப வரலாற்றைத் தேடும் முயற்சியில் இறங்கினோம்.

அதற்காகக் கணினியில் வரைபட மென்பொருள் பழக வேண்டியதாயிற்று. கூகுள் எர்த் ப்ரோ, கியூஜிஐஎஸ் ஆகிய இரண்டும் விலையின்றிக் கிடைப்பவை. பழைய நிலப்படத்தின் பிரதியை இன்றைய படத்தின்மேல் விரித்து, அன்றும் இன்றும் இடம் மாறாத கட்டடங்களையும் முச்சந்திகளையும் கொண்டு ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். பின்னர் மேற்படத்தை மெல்ல மங்கச் செய்தால் அடியில் இன்றைய ஊர் தெரியும். சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் 1828 முதல் 1830 வரை கட்டப்பெற்ற நாகூர் தர்கா அன்று கடலோரத்தில் நின்றது. பின்னர் கடல் தூர்க்கப்பட்டது. இன்று தர்காவின் முன் வானளாவிய கட்டடங்களே நிற்கின்றன. ஆதியில் வந்தவர்கள் கண்ட கரையைப் படத்தில் கண்டபோது நமக்கு மெய்சிலிர்த்தது.

கடையநல்லூரிலிருந்து வந்து தஞ்சோங் பகாரில் குடியேறிய குடும்பங்கள் பல. நமது குடும்பமும் அவற்றுள் ஒன்று. பாட்டனார் 1949-இல் ஊருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு சந்தின் பெயர் இருந்தது. அச்சந்து இன்றில்லை, பழைய படத்தில் இருக்கிறது. படத்தைப் பொருத்திப் புள்ளி வைத்தோம். தம் தகப்பனார் வாழ்ந்த இடத்தைப் பார்க்க வேண்டுமென்றார் 83 வயது மாமி. சக்கர நாற்காலியில் அழைத்துச் சென்றோம். அவ்விடத்தில் பாத்திஹா ஓதிக் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு மாதம் சென்றபின் பிழை புலப்பட்டது. தர்காவையும் அதே தெருவிலுள்ள அல்-அப்ரார் பள்ளிவாசலையும் மட்டுமே ஆதாரமாகக் கொண்டு படத்தைப் பொருத்தியிருந்தோம். இரண்டும் ஓர் ஓரத்தில் இருந்தமையால் மறுகோடி நழுவியிருந்தது. நான்கு புறமும் முச்சந்திகளைத் தேடிப் பொருத்தியபோது, நமது சந்து ஒரு தெரு தள்ளிப் போய்விட்டது! பிழையான புள்ளிக்கும் மென்பொருள் தசமப் புள்ளிக்குப்பின் ஆறு இலக்கங்கள் தந்திருந்தது. பாகைக் கணக்கில் ஐந்தாவது இலக்கமே நிலத்தில் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். எண் அத்தனை நுட்பமாக இருந்தது. நமது அறிவோ அவ்வளவு நுட்பமாக இல்லை.

மாமியிடம் சொல்வதா, மறைப்பதா? துஆவுக்குத் தெரு எண் வேண்டுமா, முதிர்ந்த உள்ளத்தை ஏன் கலக்க வேண்டும் என்றனர் உறவினர் சிலர். அதில் இரக்கம் உண்டு என்பதை மறுக்கோம். எனினும் அந்தப் புள்ளி மாமியோடு முடிவதன்று. பேரப்பிள்ளைகள் அங்கே நின்று படம் எடுப்பார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அதையே வரலாறு என்பார்கள். அறியாததை அறிந்ததாகச் சொல்வது, அன்பினால் சொன்னாலும், பொய்ச்சாட்சியத்தின் பக்கத்து வீடு. மேலும், உண்மையைத் தாங்க மாட்டார் என்று மாமிக்காக நாமே தீர்மானிப்பது மரியாதையாகுமா?

சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்த மாமி, "நான் ஓதினது அத்தாவுக்கு, தெருவுக்கு இல்லப்பா. ஆனா பிள்ளைங்களுக்குச் சரியான இடத்தைக் காட்டு. என்னையும் இன்னொரு தடவை கூட்டிட்டுப் போ," என்றார். நமக்கு நா எழவில்லை.

அதுமுதல் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். உறுதியில்லாத இடத்தில் புள்ளி வைப்பதில்லை, வட்டம் வரைகிறோம். ஐயம் பெரிதானால் வட்டமும் பெரிது. ஒவ்வொன்றின் அருகிலும் சொன்னவர் யார், பார்த்த தாள் எது, எவ்வளவு உறுதி என்று மூன்று குறிப்புகள் எழுதுகிறோம்.

அன்பர்களே, முன்னோரின் வாழ்வு நம்மிடம் வந்திருக்கும் அமானிதம். அதில் தெரிந்ததைத் தெரிந்ததாகவும், தெரியாததைத் தெரியாததாகவும் பிள்ளைகள் கையில் ஒப்படைப்போமாக. வெறுமையாக விட்ட இடத்தை நாளை ஒருவர் நிரப்பக்கூடும். பொய்யால் நிரப்பிய இடத்தையோ எவரும் தேடமாட்டார்.