தெரிவதும் இருப்பதும்

கேரி தீவுச் செம்பனைத் தோட்டத்துக் கோவிலின் திருவிழாக் கணக்குகளைக் கிட் களஞ்சியமாக வைத்திருக்கிறோம். களஞ்சியம் கிள்ளானில், தம்பி வீட்டு சர்வரில். முன்பு என் லேப்டாப்பில் அது என்எஃப்எஸ் வழியே ஒரு ஃபோல்டராக மவுன்ட் ஆகித் தெரிந்தது. லைன் அறுந்தால் எதுவும் திறக்காது. லைன் இருக்கும்போதுகூட, என்எஃப்எஸ் சில விநாடிப் பழைய நிலையைக் காட்டக்கூடும். தம்பி எழுதி முடித்தது எனக்கு இன்னும் நடக்காதது. அப்படியானால் கண்முன் தெரிவதெல்லாம் இருப்பதாகுமா?

2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட்டில், வழக்கமான குளோன் ஒவ்வொன்றும் முழு வரலாற்றையும் சுமக்கிறது. கோவிலிலும் அப்படித்தான்: மூலவர் கருவறையில் இருக்க, உற்சவர் வீதிக்கு வருகிறார். இருவரிடமும் இறைவன் குறைவின்றி நிறைந்திருக்கிறான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முழுமை பகிர்ந்தாலும் குறையாது. அதனால் மவுன்ட்டைக் கழற்றிவிட்டு ஆளுக்கொரு குளோன் எடுத்துக்கொண்டோம். எழுதியதை எஸ்எஸ்எச் வழியே புஷ் செய்கிறோம்.