கட்டும் வீட்டில் மறைந்து நிற்கும் செலவு

 



காலை முதல் இரவு வரை கடையில் நின்று, வெள்ளி வெள்ளியாகச் சேர்த்து, ஒரு மனை வாங்கி, அதில் நம் மனைவி மக்களுக்கென்று ஒரு வீடு எழுப்ப நாம் ஆசைப்படுகிறோம். அது தகாத ஆசையன்று. வீட்டை மனிதன் அமைதி பெறும் இடமாக ஆக்கித் தந்ததை, தன் அருட்கொடைகளில் ஒன்றாக அல்லாஹுத்தஆலா திருமறையின் நஹ்ல் சூறாவில் நினைவூட்டுகிறான். ஆனால் வீடு முடியும் முன்பே அந்த அமைதி குலைந்து போவதை நம்மிடையே அடிக்கடி காண்கிறோம். 400,000 வெள்ளியில் முடியும் என்று தொடங்கிய வீடு 500,000 ஆகியும் கூரை ஏறாமல் நிற்கும். பாதி வீட்டை விட்டுவிடவும் முடியாது. அப்போது நம் கை எங்கே போகும்? கடையின் முதலுக்குப் போகும். சரக்குக் கொடுத்தவருக்குத் தவணை தவறும், அலமாரி காலியாகும், ஹஜ்ஜுக்கென்று ஒதுக்கிய பணம் சிமெண்டாகவும் கம்பியாகவும் மாறும், கடைசியில் வட்டிக் கடன் வாசலில் வந்து நிற்கும். ஆகவே இது வெறும் பண விஷயம் அன்று, தீனுடைய விஷயமுமாகும்.

ஒரு கேள்வி எழலாம். ஒரு மூட்டை வெங்காயத்தை ஏமாறாமல் வாங்கத் தெரிந்த நாம், வீடு கட்டுவதில் மட்டும் ஏமாறுவானேன்? காரணம் இதுதான். நம்முடைய கொள்வினை கொடுப்பினை பெரும்பாலும் கைக்குக் கை நடப்பது. சரக்கு கண்முன் இருக்கிறது. விலை வாயில் இருக்கிறது. பணம் கையில் இருக்கிறது. அதனால் வாய்ச்சொல்லையே நம்பிப் பழகிவிட்டோம். பகரா சூறாவின் 282ஆம் வசனத்தை ஓதிப் பாருங்கள். திருமறையிலேயே மிக நீண்ட வசனம் அது. தவணை குறித்த கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படியும், சாட்சி வைக்கும்படியும், சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோம்பலாகாது என்றும் அதில் கட்டளை வருகிறது. கைக்குக் கை நடக்கும் வியாபாரத்தை எழுதாவிட்டால் குற்றமில்லை என்ற சலுகையும் அங்கேயே வருகிறது. வீடு கட்டுவது எந்த வகை? சரக்கு இன்னும் பிறக்கவில்லை. வேலையோ ஓராண்டு நடக்கும். பணமோ பல தவணையில் போகும். சலுகை பெற்ற வியாபாரத்தின் பழக்கத்தை, எழுதச் சொன்ன காரியத்தில் கொண்டு போய் வைக்கிறோம். தவறு அங்கே தொடங்குகிறது.

நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாக் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்ட வரலாறு நமக்குத் தெரியும். மழையில் நனைந்துவிட்டது என்றான் விற்றவன். நனைந்ததைப் பிறர் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டார்கள் பெருமானார். ஏமாற்றுகிறவன் தம்மைச் சேர்ந்தவனல்லன் என்றும் எச்சரித்தார்கள். குத்தகைக்காரர் கொடுக்கும் கொட்டேஷனும் ஒரு குவியல்தான். சதுர அடிக்கு 200 வெள்ளி, 2,000 சதுர அடிக்கு 400,000 வெள்ளி என்பது மேலே தெரியும் உலர்ந்த தானியம். கையை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும்.

ஈரம் இருக்கும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். முதலாவது, மண். ஈப்போ, கோலாலம்பூர் வட்டாரங்களில் பழைய ஈயக்குட்டையை மூடிய நிலம் உண்டு. கிள்ளான் கரையோரத்தில் இளகிய களிமண் உண்டு. மண் சோதனை செய்யாமல் விலை பேசினால், பைலிங் எத்தனை அடி ஆழம் போகும் என்று எவராலும் சொல்ல முடியாது. பூமிக்குள் போகும் பணமே முதலில் கணக்கைக் குலைப்பது. இரண்டாவது, வீட்டுக்கு வெளியே உள்ளவை. மண் நிரப்புதல், தாங்கு சுவர், சாக்கடை, கழிவுத் தொட்டி, வேலி, கேட், தண்ணீர் மின்சார இணைப்பு, வரைபடக் கட்டணம் ஆகியவை சதுர அடிக் கணக்கில் சேர்ந்தவையா என்று கேளாதவருக்கு, சேராதவை என்றே பின்னால் பதில் வரும். மூன்றாவது, சாமான் ஒதுக்கீடு. தரைக்கல்லுக்குச் சதுர அடிக்கு 3 வெள்ளி என்று எழுதியிருப்பார்கள். கடையில் நம் வீட்டார் விரும்பும் கல் 7 வெள்ளி. 1,500 சதுர அடித் தரைக்கு 6,000 வெள்ளி கூடிப்போயிற்று. இதில் குத்தகைக்காரர் பொய் சொல்லவில்லை. நாம்தான் அந்த வரியைப் படிக்கவில்லை. ஆகையால் பணம் கட்டுமுன் கல், குழாய், கதவு, விளக்கு இவற்றின் விலையை நாமே கடையேறி விசாரித்துவிடுவது நலம்.

நான்காவது ஈரம் நம்முடையது. சுவர் எழும்பிய பிறகு, இந்த அறையைக் கொஞ்சம் நீட்டுங்கள், அங்கே ஒரு ஜன்னல் வையுங்கள் என்று வாயால் சொல்லிவிட்டுப் போகிறோம். விலை கேட்பதில்லை. கடைசிப் பட்டியலில் அது வரும்போது கோபம் வருகிறது. மூஸா (அலை) அவர்கள் மத்யன் நாட்டில் செய்துகொண்ட உடன்படிக்கையை கஸஸ் சூறாவில் காண்கிறோம். எட்டு ஆண்டு வேலை கட்டாயம். பத்தாக நிறைவு செய்தால் அது அவர்களுடைய விருப்பம். இது அடிப்படை, இது கூடுதல் என்று வேலை தொடங்குமுன்பே பிரித்துப் பேசிக்கொண்டார்கள். அதற்கு அல்லாஹ்வையே பொறுப்பாக்கினார்கள். நமக்கும் அதுவே வழி. கூடுதல் வேலை எதுவானாலும், என்ன வேலை, என்ன விலை, எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்ட பிறகே செங்கல்லைத் தொட வேண்டும்.

ஒன்றைச் செய்து தரச் சொல்லி முன்கூட்டியே விலை பேசும் இவ்வகை ஒப்பந்தத்தை ஹனபி இமாம்கள் இஸ்திஸ்னா என்ற பெயரால் அனுமதித்திருக்கிறார்கள். ஆனால் பொருளின் இனம், தரம், அளவு ஆகியவை தெளிவாக விவரிக்கப்பட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. தெளிவில்லாத வியாபாரம் கரர். அதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். நல்ல வீடு, முதல்தரச் சாமான் என்பன விவரம் ஆகா. எந்தத் தரச் சிமெண்ட், எத்தனை மில்லிமீட்டர்க் கம்பி, எந்தக் கம்பெனிக் குழாய் என்பவையே விவரம்.

நாட்டுச் சட்டத்தையும் அறிந்துகொள்வோம். மலேசியாவில் 1994ஆம் ஆண்டின் 520ஆவது சட்டப்படி, கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமாகிய சிஐடிபியில் பதிவு பெறாதவர் கட்டட வேலை செய்யலாகாது. ஜி1 முதல் ஜி7 வரை தரம் உண்டு. ஜி1 பெற்றவர் சிறிய வேலைக்கே உரியவர். பதிவு எண்ணைக் கேட்பது அவமரியாதை ஆகாது. சிங்கப்பூரில் தனி வீடு கட்டுகிறவர்கள் கட்டட, கட்டுமான ஆணையத்தின் உரிமம் பெற்றவரைக் கொண்டே கட்ட வேண்டும். வீவக வீட்டைப் புதுப்பிப்போர் கழகத்தின் பட்டியலில் உள்ளவரையே அமர்த்த வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மேம்பாட்டாளரிடம் வீடு வாங்குவோருக்கு 1966ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் தரும் பாதுகாப்பு, சொந்த மனையில் குத்தகைக்காரரை வைத்துக் கட்டுகிற நமக்கு இல்லை. கட்டுமானப் பணத் தகராறுகளை விரைவில் தீர்க்க மலேசியாவில் 2012இல் இயற்றி 2014இல் அமலாக்கிய சட்டமும், தனிமனிதர் தாமே குடியிருக்கக் கட்டும் நான்கு மாடிக்குக் குறைந்த வீட்டுக்குப் பொருந்தாது. ஆகவே நம்மைக் காப்பது நாம் கையொப்பமிடும் தாளே. தாள் மெலிந்தால் காவலும் மெலிந்ததே.

அந்தத் தாளில் பணம் போகும் வழியும் இருக்கட்டும். நாள் கணக்கில் அன்றி, வேலை கணக்கில் கொடுங்கள்: அடிவாரம் முடிந்தால் இவ்வளவு, தூணும் தளமும் முடிந்தால் இவ்வளவு, கூரை ஏறினால் இவ்வளவு. செய்த வேலைக்கு மேலே பணம் முந்தினால் குத்தகைக்காரரின் கால் அடுத்த வீட்டுக்கு முந்தும். மலேசியக் கட்டடக் கலைஞர் சங்கத்தின் ஒப்பந்தப் படிவத்தில் மொத்தத் தொகையில் 100க்கு 5 வரை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு உண்டு. 400,000 வெள்ளி வீட்டுக்கு அது 20,000 வெள்ளி. வேலை முடிந்ததும் அதில் பாதியும், குறைகளைச் சரிசெய்த பிறகு மீதியும் கொடுக்கப்படும். குறை பார்க்கும் காலம் வழக்கமாக 12 மாதம். அதற்குள் ஒரு மழைக்காலம் வந்துவிடும். கூரையின் உண்மை தெரிந்துவிடும். கையில் எப்போதும் ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கி வைப்பதும் விவேகமாகும். மண் என்ன சொல்லும் என்பது முழுமையாக அல்லாஹ் ஒருவனே அறிந்தது.

சகோதரர்களே! இதுவரை குத்தகைக்காரரின் குவியலுக்குள் கை விட்டோம். நம் குவியலும் உலர்ந்திருக்க வேண்டுமல்லவா? மனையில் குட்டை இருந்ததை அறிந்தும் சொல்லாமல் விலை பேசுவது மோசடியே. நான்கு பேரிடம் விலை கேட்டு, கட்டுப்படியாகாத அளவுக்கு அடித்துக் குறைத்தால், அவர் அதை எங்கே ஈடு செய்வார்? சிமெண்டில் குறைப்பார், அல்லது கூலியாளின் சம்பளத்தில் குறைப்பார். மலிவாகக் கிடைத்த விலையின் மறைந்த செலவை ஓர் ஏழை சுமக்கிறான். நிறுத்தி வைத்த பணத்தை, சிறு கீறலைக் காட்டி விழுங்கிவிடுவதும் அப்படியே. உழைப்பை முழுதும் வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடப் போவதாக அல்லாஹ் அறிவித்திருப்பதை ஹதீஸில் ஓதுகிறோம். அந்த வழக்கில் எந்த வக்கீல் நமக்காக நிற்பார்?

நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்து பள்ளிவாசல் எழுப்ப நினைத்த இடம் இரண்டு அநாதைச் சிறுவர்களுக்கு உரியது. அவர்கள் அதை இனாமாகத் தர முன்வந்தார்கள். பெருமானார் சம்மதிக்கவில்லை, விலை கொடுத்தே பெற்றார்கள். மஸ்ஜிதுந் நபவீயின் முதல் கல்லுக்கு முன்னே கணக்குத் தீர்க்கப்பட்டது. நம் வீட்டின் முதல் கல்லும் தெளிவான கணக்கின் மேலேயே நிற்கட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தையும் எங்கள் இல்லங்களையும் ஹலாலாக்கி வைப்பாயாக! கட்டுகிறவர், கட்டித் தருகிறவர், கல் சுமப்பவர் ஆகிய எல்லாருக்கும் அதில் பரக்கத்தைத் தருவாயாக! ஆமீன்.