அறைச் சாவியும் ஓர் அமானத்தே



யூசுப் நபி (அலை) அவர்களின் சரித்திரம் நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரிந்ததுதான். கிணற்றில் தள்ளிய சகோதரர்களை எல்லோரும் ஏசுகிறோம். ஆனால் அந்தக் கிணற்றில் வாளியை இறக்கிய பிரயாணக் கூட்டத்தாரை யாரும் நினைப்பதில்லை. அவர்கள் பிள்ளையைத் தள்ளவில்லை, கண்டெடுத்தார்கள். யார் பெற்ற பிள்ளை என்று விசாரிக்கவில்லை. சரக்கோடு சரக்காக மறைத்து மிஸ்ரு தேசத்துக்குக் கொண்டு போனார்கள். அங்கே அவர் விலைக்குப் போனார். அந்தக் கூட்டத்தார் யார்? வியாபாரிகள்! நம்மைப் போன்ற வியாபாரிகள்!

மனிதனை விற்கும் தொழில் அன்றோடு ஒழிந்துவிடவில்லை. 2015-ஆம் ஆண்டு மே மாதம் பெர்லிஸ் எல்லையில், வாங் கெலியான் காட்டில், ஆள் கடத்துவோரின் 28 முகாம்களும் 139 புதைகுழிகளும் காணப்பட்டதாகக் காவல்துறை அறிவித்தது. அங்கே அடைபட்டுக் கிடந்தவர்களில் ரோஹிங்கியா முஸ்லிம்களும் வங்காள தேசத்தவரும் இருந்தார்கள். காட்டில் நடப்பது கண்ணுக்குத் தெரியாது என்போம். ஊருக்குள் நடப்பது?

2008-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மலாக்காவை உலகப் பாரம்பரிய நகரமாக ஏற்றது. வெளியூர்ப் பிரயாணிகள் திரளாக வருகிறார்கள். நம் புக்கிட் பெருவாங், ஆயர் குரோ பக்கங்களிலும் அறை வாடகைக்கு விடுவது ஒரு பிழைப்பாகி விட்டது. நம்மவர்களில் சிலர் விடுதி நடத்துகிறார்கள், சிலர் மேல்மாடியை வாடகைக்கு விடுகிறார்கள், சிலர் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார்கள். முஸாபிருக்கு இடம் கொடுப்பது நல்ல அமல்தான். ஆனால் அறைக்குள் வருகிறவர் எல்லோரும் தம் சம்மதத்தோடுதான் வருகிறார்களா?

இங்கே நம் குறையையும் சொல்லியாக வேண்டும். சில வருஷங்களுக்கு முன் ஓர் இரவு, கடை மூடும் நேரத்தில், ஒரு விடுதியில் பாத்திரம் கழுவும் பையன் வந்தான். தமிழ்நாட்டுப் பிள்ளை. "அண்ணே, ஊருக்கு ஒரு போன் பேசணும். ஏழு மாசமாச் சம்பளம் இல்லை. பாஸ்போர்ட்டு முதலாளி கையில இருக்கு" என்றான். போன் கொடுத்தோம். ரொட்டியும் தேநீரும் கொடுத்தோம். "பொறுத்துக்கோ தம்பி, அல்லாஹ் வழி விடுவான்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினோம். இன்னொரு வியாபாரியின் விவகாரம் நமக்கேன் என்ற எண்ணம்! அதன் பின் அவனை நாம் பார்க்கவேயில்லை. அல்லாஹ் விடும் வழியாக அன்று நம் கடைவாசலே இருந்திருக்கலாம் என்பது பிறகுதான் உறைத்தது.

சட்டம் என்ன சொல்கிறது? இந்த நாட்டில் 2007-ஆம் ஆண்டு ஆள்கடத்தல் ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆளைக் கூட்டி வருவது மட்டுமன்று, சுரண்டுவதற்காகத் தங்க வைப்பதும் கடத்தலே. அதனால் வரும் இலாபத்தைத் தின்பதும் குற்றம். "அவர் சம்மதித்துத்தான் வந்தார்" என்ற பேச்சு அங்கே எடுபடாது. குற்றம் நடக்கிறது என்று அறிந்தும், அல்லது நம்புவதற்குக் காரணம் இருந்தும், வேண்டுமென்றே தகவல் கொடாதிருப்பதும் குற்றமே. தங்குவோர் பெயரை ஏட்டில் பதிய வேண்டும் என்பதோ 1965-ஆம் ஆண்டிலிருந்தே உள்ள சட்டம். அந்த ஏடு வெறும் சடங்கன்று, ஒரு மனிதனுக்குச் சாட்சி. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் விடுதி ஊழியருக்கு இதைக் கண்டறிய 20 நிமிஷமாவது பயிற்சி கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. 20 நிமிஷம் நம்மிடம் இல்லையா?

கவனிக்க வேண்டியவை பெரிய இரகசியமல்ல. கூட வந்தவனே எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்வான். பெண்ணோ பிள்ளையோ தலை நிமிராது. அடையாளப் பத்திரம் இன்னொருவன் பையில் இருக்கும். ஓர் அறைக்கு வேற்று ஆட்கள் மாறி மாறி வருவார்கள். இதில் ஒன்றைக் கண்டதும் குற்றம் என்று தீர்ப்புச் சொல்லிவிடலாகாது. ஆனால் பல சேர்ந்தால் சும்மா இருக்கலாகாது. கூட வந்தவன் எதிரில் விசாரித்துப் பிள்ளையை ஆபத்தில் தள்ள வேண்டாம். கதவைத் தட்டி வெளியேற்றவும் வேண்டாம், அடுத்த விடுதிக்குத்தான் இழுத்துச் செல்வான். 999-க்குச் சொல்லுங்கள். வந்தவர் போன தேதி, நேரம், வண்டி எண் எழுதி வையுங்கள். பெர்மிட் இல்லாதவர் மாட்டிக்கொள்வாரே என்று தயங்க வேண்டாம். கடத்தப்பட்டவர் என்று தெரிந்தால், சட்டவிரோதமாக நுழைந்ததற்காக அவர்மேல் வழக்குத் தொடரக் கூடாதென்று அதே சட்டம் சொல்கிறது.

இது நமக்குப் புதிதா? உலக இலாபத்துக்காகப் பெண்களைத் தீய தொழிலுக்கு நிர்ப்பந்திக்காதீர்கள் என்று சூரா நூர் தடுக்கிறது. நிர்ப்பந்திக்கப்பட்டவர் விஷயத்தில் அல்லாஹ் மன்னிப்பவன், கிருபையுடையவன் என்றும் அங்கேயே ஆறுதல் தருகிறது. சாட்சியத்தை மறைப்பவனின் உள்ளம் பாவத்துக்குள்ளானது என்று சூரா பகரா எச்சரிக்கிறது. கியாமத்து நாளில் மூவருக்கு எதிராக அல்லாஹ்வே வழக்காடுவான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருப்பது புகாரியில் இருக்கிறது. அந்த மூவரில் ஒருவன் சுதந்திர மனிதனை விற்று அந்தக் கிரயத்தைத் தின்றவன். இன்னொருவன் வேலையை முழுதாய் வாங்கிக்கொண்டு கூலி கொடாதவன். அந்த வழக்கில் நமக்காகப் பேச எந்த வக்கீல் வருவார்?

ஆகவே அடுத்தவர் விடுதியைப் பார்க்குமுன் நம் கல்லாப்பெட்டியைத் திறந்து பார்ப்போம். "பத்திரமாயிருக்கட்டும்" என்று வேலையாளின் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்திருக்கிறோமா? 1966-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி, உரிமையின்றிப் பிறர் பாஸ்போர்ட்டை வைத்திருந்தால் 5 ஆண்டு வரை சிறையும் 10,000 வெள்ளி வரை அபராதமும் உண்டு. கட்டாய வேலை வாங்கினால் 2023-ஆம் ஆண்டு முதல் தொழிற்சட்டப்படி 100,000 வெள்ளி வரை அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் வரக்கூடும். சிறைக்குப் பயந்து மட்டும் திருப்பிக் கொடுக்க வேண்டாம். அது அவனுடைய பொருள், நம் கையில் இருப்பது அமானத். இன்றிரவு கடை அடைக்குமுன் அவன் கையில் கொடுத்துவிடுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் வியாபாரத்தில் பரக்கத்துச் செய்வாயாக. வாளியில் ஏறி வரும் மனிதனைச் சரக்காகக் காணாத கண்ணையும், மஜ்லூமுக்காகத் திறக்கும் வாயையும் எங்களுக்குத் தந்தருள்வாயாக. ஆமீன்.